நான்கெல்லை

அம்பாசமுத்திரம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
பத்திரம் அடிக்கிற கடையில்
காலை பத்திலிருந்து ஐந்து வரை
அடுத்தவர் நிலத்துக்கு எல்லை கட்டுவது என் வேலை.
கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் வகையறா தோப்பு,
வடக்கே பொதுப்பாதை என்று
விரல் தானாக ஓடும்.
ஐந்துக்கு மேல் படம் போடுவேன்.

காசுக்குப் போட்ட முதல் படம் ஒரு காளை.
கல்லிடைக்குறிச்சிப் பாலத்துக்குக் கீழே
வைக்கோல் வண்டி உச்சிமாகாளியின் காளை,
வலக்கொம்பு நுனி ஒடிந்தது.
மூன்று சாயங்காலம் அதன் எதிரே உட்கார்ந்தேன்.
ஈ விரட்டும் காதைப் பிடிக்கவே ஒரு சாயங்காலம் போனது.

செக்கெண்ணெய் ஆறுமுகநயினார்
ஒரு லிட்டர் பாட்டிலில் ஒட்ட வேணும் என்றார்.
ஆயிரத்தைந்நூறு கொடுத்தார்.
காகிதம் ஏதும் இல்லை.
எனக்குக் கேட்கக் கூச்சம்,
அவருக்கு எழுதிக்கொடுக்க அவசரமில்லை.

பிசானம் அறுத்து முடிவதற்குள்
காளை ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது.
ஐந்து லிட்டர் டின்னில் ஏறியது.
பாபநாசம் பஸ்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு
வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாக
ஜங்ஷன் வரை போய் ராத்திரி திரும்பியது.
தென்காசியில் மாமன் மகள் கல்யாணத்தில்
தாம்பூலப் பையிலிருந்து என்னைப் பார்த்தது.
யாரோ அந்த ஒடிந்த கொம்பை முழுசாக்கியிருந்தார்கள்.
அதுதான் சுருக்கென்றது.

"நல்லாத்தானட்டி இருக்கு, ஊரே பாக்குல்லா"
என்றாள் அத்தை.
ஊர் பார்த்ததைக் கொண்டு
போனுக்கு ரீசார்ஜ் பண்ண முடியுமா?

மறுநாள் கடைக்கு ஒரு குத்தகைச் சீட்டு வந்தது.
ஒரு கார், ஒரு பிசானம்.
நெல் மட்டும், வாழை வைக்கக் கூடாது,
உள்குத்தகை விடக் கூடாது,
வரப்பை வெட்டக் கூடாது.
அடுத்து வந்தது ஒரு கிரயம்.
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திர பாத்தியத்துடன்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள
பாத்தியத்தில் விரல் நின்றுவிட்டது.
குத்தகைக்கும் கிரயத்துக்கும் நடுவே
எத்தனை பூஜ்யம் என்று
தினமும் அடிக்கிறவள் நான்தானே.
நான் விட்டது குத்தகை.
அவர் உழுதுகொண்டிருப்பது கிரயம்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு, கரண்ட் போகுமுன்,
என் காளைக்கு எல்லை கட்டினேன்.
கிழக்கே ஒரு லிட்டர் பாட்டில்.
மேற்கே ஒரு வருஷம்.
தெற்கே, பஸ்ஸோ டின்னோ பையோ எதுவானாலும் தனிப் பேச்சு.
வடக்கே என்ன போடுவதென்று தெரியவில்லை,
கொம்பு என்று அடித்தேன்,
ஒடிந்தது ஒடிந்தபடி.
கீழே மா. செண்பகவடிவு.
தட்டச்சு செய்தவர் என்கிற மூலையில் இல்லை,
விடுபவர் என்கிற இடத்தில்.

நயினார் வாசித்துவிட்டுச் சிரித்தார்.
"ஏம்மா, இது படமா வயக்காடா?"
"விளையுதுல்லா அண்ணாச்சி" என்றேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து
முதலிலிருந்து வாசித்தார்.

பேரம் இரண்டு காப்பி நீண்டது.
பஸ்ஸுக்கு நாலாயிரம் எண்ணி வைத்தார்.
டின்னுக்கு அடுத்த மாசம் என்றார்,
அந்த அடுத்த மாசம் இன்னும் பிறக்கவில்லை.
பை, கல்யாண வீட்டுக்காரர்களாக அடித்ததாம்.
பாதி பொய் என்று தெரிந்தும்
பேச நா வரண்டுபோய் விட்டுவிட்டேன்.
எழுந்தபோது அரை லிட்டர் எண்ணெய் நீட்டினார்,
கணக்குத் தீர்ந்த மாதிரி.
அதை மேசைமேல் வைத்துவிட்டு
ஒரு கிலோ கடலைப் புண்ணாக்குக்குக்
காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

பாலத்துக்குக் கீழே உச்சிமாகாளி
மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.
"இது எதுக்குத்தா?"
"பாக்கி" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
பொட்டலத்தைப் பிரித்து மாட்டுக்கு வைத்துவிட்டு
"இன்னும் இருக்கா?" என்று விளையாட்டாய்க் கேட்டார்.

நாலாயிரம் பர்ஸில் இருந்தது.
பாட்டில், பஸ், டின், பை,
மூன்று சாயங்காலம் அசையாமல் நின்றது.
கூட்டிப் பார்த்தேன்.

இருந்தது.